சின்ன ஆயர் எங்கள் சபையில் இருந்த வருடம்

மலையாள நகரம் ஒன்றில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்கு இரண்டாவது ஆயராக, அதாவது போதகராக, ஒரு பெண் வருகிறார் என்று திருமண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, வரவேற்புரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சபைக் கமிட்டியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்தில் நான் இருந்தேன். பெண்கள் சங்கத்துக்கும் நான்தான் செயலர். அந்த இரண்டு பொறுப்பிலும் நான் அதிகமாகச் செய்த வேலை தேநீர் ஏற்பாடு. கமிட்டி கூடும்போது உளுந்து வடையா பழம்பொரியா என்று முடிவெடுப்பேன். வார நாட்களில் அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு பிரிவுக்கு சூப்ரண்டாக இருக்கிறேன். ஏழு ஆண்கள் என் மேசைக்கு முன்னால் கோப்போடு நின்று கையெழுத்து வாங்கிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே கையில் வடைத்தட்டு இருக்கும். பல வருடங்களாக எனக்கு இதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

வரவேற்புரையை உற்சாகமாகவே எழுதினேன். காலம் மாறுகிறது, சபையும் மாறுகிறது, நாங்கள் பெருமைப்படுகிறோம் என்று இரண்டு பக்கம். கைதட்டினார்கள். அவர் எழுந்து, "இவ்வளவு சொன்ன பிறகு நான் ஒண்ணும் சொல்லாண்டாம், வேலையைப் பாக்கேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கனத்த குரல்.

முதல் தகராறு அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயரின் மனைவியைத்தான் 'ஆயரம்மா' என்போம். இவரை அப்படிச் சொன்னால் இவருடைய கணவர்தான் ஆயர் என்று ஆகிவிடும். கணவரோ எல்லைக்கு அப்பால் அவர்களுடைய ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார், ஞாயிறு ஆராதனையில் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். "அப்ப இவர் ஆயரய்யாவா?" என்று ஆண்கள் சிரித்துக்கொண்டார்கள். அவரும் கூடவே சிரிப்பார். மலையாளத்தில் படிக்கும் பிள்ளைகள் சங்கடமில்லாமல், பாதிரியாரைச் சொல்வதுபோல 'அச்சன்' என்று கூப்பிட்டார்கள். பெரியவர்கள் எதுவும் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டோம். எங்களுக்குள் பேசும்போது ஏற்கெனவே இருந்த ஆயரைப் பெரிய ஆயர் என்றும் இவரைச் சின்ன ஆயர் என்றும் சொல்லிக்கொண்டோம். நேரே பார்த்தால், "வாருங்க", "இருங்க" என்பதோடு சரி. நானும் அப்படித்தான்.

அவர் வந்து மூன்றாவது ஞாயிறு திருவிருந்து. மழை தொடங்கியிருந்தது. எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் நீளமாக ஒரு மரக்கிராதி உண்டு. அதன் முன் முழங்காலிட்டுத்தான் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். பெண்கள் பக்கம் இருப்பவர்கள் இடது பாதிக்கும், ஆண்கள் பக்கம் இருப்பவர்கள் வலது பாதிக்கும் போவது வழக்கம். அன்று இடது பாதியில் சின்ன ஆயர் அப்பத்தட்டோடு நின்றார். வலது பாதியில் பெரிய ஆயர்.

நான் ஐந்தாவது வரிசை. எழுந்து நடந்தேன். முன்னால் போன இரண்டு பெண்கள் நடு நடைபாதையில் கொஞ்சம் தயங்கி, வலது பக்கம் ஒதுங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் கிராதியை நெருங்கினேன். அப்போது அவர் கையைப் பார்த்தேன். அங்கியின் கை மேலேறியிருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று, அதற்குக் கீழே ஒற்றை வளையல். விரல் நுனிகள் எனக்கு இருப்பதுபோலவே காய்ப்பேறி இருந்தன. இந்தக் கை இன்று காலையில் மீன் கழுவியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். என் கால் வலது பக்கம் திரும்பிவிட்டது. பெரிய ஆயரின் முன்னால் முழங்காலிட்டுக் கை நீட்டினேன்.

எழுந்தபோது ஒரு நொடி தலை திருப்பினேன். சின்ன ஆயர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கிராதியில் நிறைய இடம் காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அடுத்து வந்த பெண்ணிடம் குனிந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, "நீ ஏன் நம்ம பக்கம் வந்தே?" என்று கேட்டார். சாலைக் கடைத்தெருவில் குழாய், வாளி, பூட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது.

"அங்க கூட்டமா இருந்தது."

"கூட்டமா? அங்கயா?"

சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். கரமனைப் பாலத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சி என்று அதைச் சொல்லலாம், ஆனால் அது மட்டுமில்லை. வரவேற்புரையில் நான் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நம்பிக்கையுள்ளதுதான். இன்றைக்கும் நம்புகிறேன். அப்படியிருக்க என் கால் ஏன் திரும்பியது? பெரிய ஆயரின் கையில் எனக்கு ஒருநாளும் எந்த வேலையும் தெரிந்ததில்லை. அது அப்பம் கொடுப்பதற்கென்றே பிறந்த கை மாதிரி வெளுத்து மெத்தென்று இருக்கும். என் கையைப் போலிருந்த கையிலிருந்து வாங்கத்தான் எனக்கு முடியவில்லை. அப்படியானால் என் கையைப் பற்றி நான் இத்தனை வருடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை மூடி மூடித் திறப்பேன். எதிரில் நிற்கிறவர், "மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்பார்.

நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்று பல ஞாயிறு நினைத்தேன். அதற்குப் பதிலாக வேறு எல்லாம் செய்தேன். அவருக்கு ஒதுக்க ஆயர் வீடு இல்லாததால் மணக்காட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். அங்கே தண்ணீர் வரவில்லை என்று கேள்விப்பட்டதும், கணவரிடம் சொல்லிக் கடையிலிருந்து மோட்டாருக்கு வால்வு அனுப்பி வைத்தேன். ஓணத்துக்கு அடைப் பிரதமன் பாயசம் கொடுத்துவிட்டேன். அவர் போனில் நன்றி சொன்னார். சுருக்கமாக, மரியாதையாக. அடுத்தடுத்த திருவிருந்துகளில் நான் போகவே இல்லை. ஒரு மாதம் தலைவலி என்றேன், மறு மாதம் தங்கை வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாதம் வரிசை எழும்போது செருப்பை நேர்செய்வதுபோல வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

அவரோ வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்தாலும் ஆட்டோ பிடித்து முதலில் வருகிறவர் அவர்தான். நல்ல பிரசங்கம் செய்வார் என்று சொல்ல முடியாது. குரல் பெரிதாக இருக்கும், விஷயம் சில நேரம் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் சாவு வீட்டில் அவர் உட்கார்ந்திருந்தால் அழுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக அழுவார்கள். கிறிஸ்துமஸுக்குள் அவர் பக்கம் வரிசை ஓரளவு நிரம்பத் தொடங்கியது. நான் இல்லாமலேதான் நிரம்பியது.

ஜனவரியில் அவர் கர்ப்பமாக இருப்பது வெளியே தெரிந்தது. அங்கி எவ்வளவு தளர்வாக இருந்தாலும் பீடத்தில் கைகளை உயர்த்தும்போது வயிறு தெரியும். பெண்கள் சங்கக் கூட்டத்தில் அன்று வேதபாடம் முடிந்ததும் பேச்சு அதைப் பற்றித்தான்.

"புள்ளத்தாச்சி அங்க நிக்கது என்னமோ மாதிரி இருக்கு கேட்டியளா" என்றார் சங்கத்தின் துணைத் தலைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் கொயரில் முப்பது வருடம் பாடியவர்.

"என்ன மாதிரி இருக்கு அக்கா?" என்றேன்.

"பாட்டுப் புஸ்தகத்தப் பாக்கணும்னு நெனச்சாலும் கண்ணு அங்கதான் போவுது. சாமி காரியத்தில வீட்டுக் காரியம் கலந்த மாதிரி. ஒனக்கு அப்பிடித் தோணல்லியா?"

தோன்றியது என்பதுதான் உண்மை. இல்லை என்று சொன்னேன்.

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிய வாரம் கமிட்டி கூடியது. செயலர் மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்கான மனிதர், நேரம் தவற மாட்டார், சபைக் கட்டடத்துக்கு ஒயரிங் முழுவதும் சொந்த மேற்பார்வையில் செய்து கொடுத்தவர். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். சின்ன ஆயரின் உடல்நிலையைக் கருதி அவருக்கு வேலை குறைவான வேறு சபைக்கு மாறுதல் தரும்படியும், இங்கே ஓர் ஆண் ஆயரை அனுப்பும்படியும் திருமண்டலத்தைக் கேட்டுக்கொள்ளும் கடிதம். பெரிய ஆயர் அன்று வரவில்லை. வெளியூரில் கன்வென்ஷன் என்று சொன்னார்கள்.

"தீர்மானத்தைத் தங்கச்சி முன்மொழியட்டும்" என்றார் செயலர், என்னைப் பார்த்து.

"நானா சார்?"

"ஆண்கள் சொன்னா வேற அர்த்தம் வரும். பெண்ணுக்க கஷ்டம் பெண்ணுக்குத்தானே தெரியும். நீங்க முன்மொழிஞ்சா ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க. அவங்களுக்க நல்லதுக்குத்தான்."

பத்துப் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கமிட்டியில் நான் சொல்வதை அவர்கள் அவ்வளவு கவனமாக எதிர்பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கொஞ்சம் நாள் தாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் தந்தார்கள். அதன் பிறகு தேநீர் வந்ததா என்று பார்க்க எழுந்து போனேன்.

இடையில், பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை வந்தது. அன்று நகரத்துக்கு விடுமுறை. காலையில் சமையலை முடித்துவிட்டுக் கணவரிடம், "மணக்காடு வரைக்கும் போயிட்டு வாறேன்" என்றேன்.

"இன்னைக்கா? வண்டி ஒண்ணும் ஓடாதே."

"நடந்து போறேன்."

"சொல்லப் போறியா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலையசைத்துவிட்டு இறங்கினேன்.

கிள்ளிப்பாலத்திலிருந்தே சாலையின் இருபுறமும் மூன்று மூன்று செங்கலாக அடுப்புகள். புது மண்பானைகள், காய்ந்த தென்னை மட்டைகள், கசவுச் சேலைப் பெண்கள். கடை வாசல், வங்கி வாசல், பெட்ரோல் பங்க், எல்லா இடத்திலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தண்ணீர் வாளியோடும் மோர்ப் பாத்திரத்தோடும் அவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். வருடம் ஒரு நாள் இந்த நகரத்தில் இப்படி நடக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்று என்னவோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அடுப்பு பற்றவைத்ததும் புகை எழுந்து கண்ணைக் கரித்தது. வழி தெரியாமல் இரண்டு இடத்தில் நின்றேன்.

சின்ன ஆயரின் வீட்டு வாசல் திறந்து கிடந்தது. முற்றத்தில் மூன்று பெண்கள் பொங்காலை இட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டாரக்கரையிலிருந்து விடியற்காலை வந்தவர்களாம். இடம் கிடைக்காமல் நின்றவர்களை இவர்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்து அவர்களுக்கு ஜக்கில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார். எழாண்டாம் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்களில் மூத்தவர் பானையைக் கிளறிக்கொண்டே, "மோளே, எத்ர மாசமாயி?" என்று கேட்டார்.

"எட்டு."

"ஜோலி வல்லதும் உண்டோ?"

"உண்டு. பள்ளியில அச்சனாணு."

மலையாளத்தில் ஜோலி என்றால் வேலை, பள்ளி என்றால் தேவாலயம். அச்சன் என்றால் பாதிரியார், அப்பாவுக்கும் அதே சொல்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ குஞ்ஞு அம்மேன்னு விளிக்குமோ, அச்சான்னு விளிக்குமோ?" என்றார்.

"ரெண்டும் விளிக்கட்டே" என்றார் சின்ன ஆயர். அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எங்கள் சபையில் நான் பார்த்ததில்லை.

நிஜமாகத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் அந்த அம்மா சிரிப்பை நிறுத்தினார். கரண்டியைப் பானைமேல் வைத்துவிட்டு, "என்றே மோன் கல்ஃபிலாணு, ஒண்ணு பிரார்த்திக்கணே" என்றார். பையனின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார் சின்ன ஆயர்.

உள்ளே போனதும் எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டார். நான் போடுகிறேன் என்றதற்கு விடவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"ஜூன் மாசம், மொதல் திருவிருந்தில, நான் ஒங்க பக்கம் வராம மாறிப் போயிட்டேன்."

அவர் சர்க்கரை டப்பாவை மூடினார். "தெரியும் அக்கா. பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்திருந்தீங்க."

எனக்கு முகம் எரிந்தது. "பிறகு ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க ஒரு காரணம் சொல்லுவீங்க. அதை நான் நம்பின மாதிரி நிக்கணும். மாறிப் போன எல்லார்கிட்டயும் அப்பிடி நின்னா வேற வேலைக்கு எனக்குத் தெம்பு இருக்காது."

"காரணம் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"ஒங்க கையப் பாத்தேன். மீன் கழுவுன கைன்னு தோணிச்சு."

சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கு மீன் இல்ல. உப்புமா" என்றார். அதில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்கதான் அந்த வரவேற்புரை எழுதுனீங்க, இல்லியா? நல்லா இருந்தது. அதனாலதான் கொஞ்சம் கூடுதலா வலிச்சுது."

"மன்னிச்சிருங்க."

வெளியே பானை பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் அவர் சொன்னார்: "பாவமன்னிப்பு ஒவ்வொரு ஞாயிறும் பீடத்தில நின்னு எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுகேன். அதில நீங்களும் உண்டு. ஆனா தனியா ஒங்ககிட்ட, இந்த அடுக்களையில வச்சுச் சொல்லணும்னா, இன்னைக்கு எனக்கு வரல்ல அக்கா. பொய்யாச் சொல்ல விருப்பமில்ல."

சரி என்றேன். சாயாவைக் குடித்தேன். கமிட்டி கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்ன செய்யணும்னு எங்கிட்ட கேக்காதீங்க. நான் சொல்லி நீங்க செஞ்சா, நான் ஆள் வச்சுப் பேச வச்சேன்னு ஆயிரும். ஒங்களுக்கு எது படுதோ அதச் செய்ங்க." வாசல்வரை வந்து, "வால்வு அனுப்பினதுக்கு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. தண்ணி நல்லா வருகு" என்றார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு லேசாக இருந்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் அல்லவா? அப்படி இல்லை. அவர் மன்னித்திருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன், ஒருவேளை அந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று தோன்றியது. அந்த நினைப்பு என்னை இன்னும் வேகமாக நடக்கவைத்தது.

அடுத்த கமிட்டிக்குப் பெரிய ஆயரும் வந்திருந்தார். செயலர் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் முன்மொழிய மாட்டேன் என்றேன். அது மட்டும் போதும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். ஆனால் செயலர், "ஏன்?" என்று கேட்டார்.

"சார், எனக்க செக்‌ஷன்ல ஒரு பெண்ணு போன வருஷம் பிரசவத்துக்குப் போச்சு. ஆறு மாசம் லீவு. திரும்பி வந்து அதே நாற்காலியில இருக்கு. அதை மாத்துங்க, ஆணைத் தாருங்கன்னு நான் மேல எழுதியிருந்தா எனக்க வேலைக்கே ஆபத்து."

"இது ஆபீஸ் இல்ல தங்கச்சி. தேவனுக்க வீடு."

"அதைத்தான் சொல்லுகேன் சார். ஆபீஸ்ல இருக்க நியாயம்கூட இங்க இல்லேன்னா, இதைத் தேவனுக்க வீடுன்னு எப்பிடிச் சொல்ல?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் சின்ன ஆயர் பக்கம் போகாமல் மாறிப் போனதையும் எல்லார் முன்னிலையிலும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுதுவிட்டேன். அலுவலகத்தில் இருபத்தாறு வருடத்தில் ஒருதடவைகூட நான் அழுததில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "சரி சரி, மனசைத் தேத்துங்க" என்றார்கள். என் அழுகையோடு நான் சொன்னதும் கரைந்துபோனது. பெரிய ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நடுவில நிக்கேன், ரெண்டு பக்கமும் எனக்குப் பிள்ளைகள்தான்" என்றார். நல்ல மனிதர். அன்று அவர் நடுவில் நிற்காமல் இருந்திருக்கலாம்.

கடிதம் போனது. முன்மொழிந்த இடத்தில் பெண்கள் சங்கத் துணைத் தலைவியின் கையெழுத்து இருந்தது. கமிட்டியில் இல்லாதவரிடம் எப்படி வாங்கலாம் என்று கேட்டேன். பெண்கள் சங்கத்தின் ஆதரவாக அதைச் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். அந்த அக்காவிடம் கேட்டேன். "எனக்க மனசில பட்டதுக்கு நான் ஒப்புப் போட்டேன். நீ ஒனக்க மனசில பட்டதைச் சொன்னே. இதில என்ன உண்டு?" என்றார். அவரிடம் எனக்குக் கோபப்பட முடியவில்லை. அவர் தன் மனதில் பட்டதைப் பெண்கள் சங்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். நான் அன்று இல்லை என்று பொய் சொன்னேன்.

குருத்தோலை ஞாயிறன்று நான் இடது பக்கம் போய் முழங்காலிட்டேன். சின்ன ஆயருக்கு ஒன்பதாவது மாதம். குனிய முடியாததால் கிராதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்பத்தைத் தந்தார். எல்லாருக்கும் சொல்லும் அதே வார்த்தைகள், அதே குரல். அவர் கையில் சோப்பின் மணம் கடுமையாக இருந்தது. எத்தனை முறை தேய்த்துக் கழுவியிருந்தால் அப்படி மணக்கும் என்று நினைத்துக்கொண்டே இடத்துக்குத் திரும்பினேன். ஜெபிக்கவில்லை. ஜெபிக்க வரவில்லை.

ஈஸ்டர் முடிந்து பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதப் பிரசவ விடுப்பு முடியும்போது மாறுதல் உத்தரவு வந்தது. மலையோரத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னச் சபை. வழியனுப்புக் கூட்டம் வைக்க யாருக்கும் அவசரமில்லை. ஒரு வார நாளில் அவர் கணவரின் நண்பருடைய வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தம்பானூரிலிருந்து பஸ் ஏறி, நெடுமங்காட்டில் மாறி, அந்தச் சபைக்குப் போனேன். அங்கே அவர் ஒருவர்தான் ஆயர். ஆராதனையின்போது குழந்தை முன் வரிசையில் யார் யாரோ மடியில் மாறி மாறி இருந்தது. திருவிருந்தில் எல்லாரும் ஒரே வரிசையாக அவர் முன்னால் போனார்கள்.

சாப்பிடும்போது, "இங்க எப்பிடி இருக்கு ஆயர்?" என்று கேட்டேன். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டேன். அவர் அதைக் கவனித்தார்.

"நல்லா இருக்கு. இங்க மாறிப் போறதுக்கு இன்னொரு கை இல்லல்லா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "சும்மா சொன்னேன் அக்கா. ஆறேழு வீட்டுக்காரங்க பக்கத்து ஊர்ச் சபைக்குப் போயிட்டாங்க. மத்தவங்க இருக்காங்க" என்றார். பாத்திரங்களை இருவருமாகக் கழுவினோம். நான் திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை குழந்தையோடு வந்தார். மன்னிப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் கமிட்டித் தேர்தல். ஒதுக்கிய இடத்துக்கு நிற்காமல் செயலர் பதவிக்கு மனுக் கொடுத்தேன். அப்படி ஒரு பெண் எங்கள் சபையில் நின்றதில்லை. அதற்குத் தடையும் எந்த விதியிலும் இல்லை. நிற்கிறவர்கள் இல்லாததால் விதி தேவைப்படவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளரே மறுபடியும் ஜெயித்தார். எனக்கு விழுந்தது முப்பத்தெட்டு ஓட்டு. என்னிடம் வந்து கைகுலுக்கி, "தைரியமா நின்னீங்க தங்கச்சி" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருடைய புதுக் கமிட்டியில் ஒதுக்கிய இடத்துக்கு அந்தத் துணைத் தலைவி அக்கா வந்திருக்கிறார். வடை பழம்பொரி ஏற்பாட்டை இப்போது ஓட்டலுக்கே விட்டுவிட்டார்கள்.

அன்று மதியம் வீட்டில் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நான் ஒனக்குத்தான் போட்டேன்" என்றார்.

"நான் கேக்கல்லியே."

"கேக்க மாட்டே, ஆனா நெனச்சுக்கிட்டு இருப்பே. அதான் சொன்னேன்."

நம்புவதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துவிட்டார்.

இப்போது பெரிய ஆயர் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். வரப்போகும் பெண்கள் ஞாயிறன்று நான் செய்தி கொடுக்க வேண்டுமாம். வருடத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் பெண்கள் பேசுவது வழக்கம். அதுவும் பிரசங்க பீடத்தில் ஏறி அல்ல, கீழே வாசிப்பு மேசைக்கு முன்னால் நின்று. வேறு சாதாரண ஞாயிறு ஒன்று தாருங்கள், பேசுகிறேன் என்றேன். அதைக் கமிட்டியில்தான் வைக்க வேண்டும் என்றார். வைத்தாரா என்று போன வாரம் கேட்டேன். அஜெண்டாவில் இருந்தது, நேரம் போதவில்லை என்றார். அடுத்த மாதம் மறுபடியும் கேட்பேன்.